நாக் சென்சரை வீட்டிலேயே கழற்றி மாட்டுவது: குமுளி, கம்பம் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்குக் குமுளியில் வீடு. இந்தப் பக்கம் கம்பம், அந்தப் பக்கம் வண்டிப்பெரியாறு என்று வாரத்தில் நாலு நாளாவது காரில் மலைப் பாதையில்தான் இருப்பேன். மெக்கானிக் வேலை என் தொழில் இல்லை. ஆனால் என் வண்டியில் செய்ய முடிந்த வேலையை நானே செய்துகொள்வேன். அதைப் பார்த்த அக்கம்பக்கத்தார் ஒவ்வொரு மழைக்காலம் முடியும்போதும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: "டேஷ்போர்டுல செக் என்ஜின் லைட் எரியுதுண்ணே, நாக் சென்சர் போச்சுன்னு சொல்றாங்க. நாமளே கழட்டி மாத்திரலாமா?"

மாற்றலாம். ஆனால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை சில உண்டு. பலருக்கும் வாயால் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

நாக் சென்சர் என்றால் என்ன? அது என்ன வேலை செய்கிறது?

பழைய மெக்கானிக்குகள் ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியை என்ஜின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பதைப் பார்த்திருப்பீர்கள். நாக் சென்சர் செய்வதும் அதே வேலைதான். என்ஜின் பிளாக்கின் மேல் போல்ட் போட்டு இறுக்கப்பட்ட ஒரு காது அது.

பெட்ரோல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் பொறி விட்டதும் தீ ஒரு முனையிலிருந்து சீராகப் பரவ வேண்டும். சூடும் அழுத்தமும் அளவு மீறினால், தீ போய்ச் சேருவதற்கு முன்பே ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை தானாகப் பற்றி வெடிக்கிறது. அந்த அதிர்வுதான் நாக்கிங். சிலிண்டரின் குறுக்களவு 70 மில்லிமீட்டர் வாக்கில் இருக்கும் சின்ன கார்களில் இந்த அதிர்வு நொடிக்கு ஏழாயிரம், எட்டாயிரம் தடவை இருக்கும். சென்சருக்குள் இருக்கும் பீசோ பீங்கான் வில்லை அதிர்வு பட்டதும் சிறு மின்னழுத்தத்தை உண்டாக்கும். (சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் வரும் என்பதை 1880-இல் கியூரி சகோதரர்கள் கண்டுபிடித்தார்கள். கேஸ் அடுப்பு லைட்டரில் பொறி வருவதும் அதனால்தான்.) அந்த மின்னழுத்தத்தைப் பார்த்து ஈசியூ என்ற என்ஜின் கணினி, பொறி விடும் நேரத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடுகிறது. நாக்கிங் நின்றதும் மெல்ல மெல்லப் பழைய இடத்துக்குக் கொண்டுவருகிறது. இது ஒரு பயணத்தில் பல தடவை நடக்கும். நமக்குத் தெரியவே தெரியாது.

மேட்டில் ஏறும்போது கேட்கும் 'டிக் டிக்' சத்தம் இதுதானா?

மலையடிவாரத்து லோயர்கேம்ப்பிலிருந்து ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு, மூன்றாம் கியரிலேயே வேகம் குறைந்தும் ஆக்சிலேட்டரை அழுத்திப் பிடித்தால், ஒரு தகர டப்பாவில் சின்னச் சின்ன ஆணிகளைப் போட்டுக் குலுக்குவது போல வரும் சத்தம்தான் நாக்கிங். காலை எடுத்ததும் நின்றுவிடும், இரண்டாம் கியருக்குப் போனாலும் நின்றுவிடும். அதுதான் அடையாளம். நியூட்ரலில் நிற்கும்போதும் விடாமல் கேட்கும் சத்தம் வால்வுப் பக்கத்து டேப்பட்டாக இருக்கலாம், சைலன்சர் பக்கத்துத் தகடு தளர்ந்திருக்கலாம். ஆழமாக 'டொக் டொக்' என்று வந்தால் பேரிங் சமாசாரம். அதற்கு இந்தப் பக்கத்தில் பதில் இல்லை, உடனே ஒர்க் ஷாப்புக்குப் போய்விடுங்கள்.

நம் மலையில் ஒரு விசேஷம் உண்டு. கம்பம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர், குமுளி 900 மீட்டர் வாக்கில். கீழே காற்று சூடாகவும் அடர்த்தியாகவும் இருக்கிறது, அங்கேதான் மேடும் ஆரம்பிக்கிறது. அதனால் டர்போ இல்லாத வண்டிகள் மலையடிவாரத்தில் தட்டிவிட்டு, மேலே வந்ததும் அமைதியாகிவிடும். "குமுளி ஒர்க் ஷாப்பில் ஓட்டிக் காட்டினேன், சத்தமே வரவில்லை, மெக்கானிக் நம்ப மாட்டேன் என்கிறார்" என்று ஒருவர் வருத்தப்பட்டார். அவர் சொன்னது பொய்யில்லை, மெக்கானிக் சொன்னதும் பொய்யில்லை. லோயர்கேம்ப் வரை கூட்டிக்கொண்டு போய்த்தான் காட்ட வேண்டும்.

கேரளப் பக்கம் காட்டும்போது இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். மலையாள மெக்கானிக் வண்டிக்கு "வலி குறவாணு" என்றால், இழுவை குறைவு என்று அர்த்தம். சென்சர் கோளாறில் முதலில் தெரிவது பெரும்பாலும் அதுதான். சத்தம் அப்புறம்தான்.

ஸ்கேனரில் பி0325 என்ற பிழைக் குறியீடு வந்திருக்கிறது. சென்சர் போய்விட்டது என்றுதானே அர்த்தம்?

இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பணம் வீணாவது இங்கேதான்.

பி0325 என்றால் நாக் சென்சரின் மின்சுற்றில் ஏதோ கோளாறு என்று மட்டும்தான் பொருள். பி0327 என்றால் சமிக்ஞை அளவுக்குக் கீழே, பி0328 என்றால் அளவுக்கு மேலே. பி0330 என்றால் இரண்டாவது சென்சர் உள்ள என்ஜின்களில் அந்த இரண்டாவதன் சுற்று. சுற்று என்பதில் சென்சர் உண்டு, வயரை அதோடு இணைக்கும் கப்ளர் உண்டு, அங்கிருந்து ஈசியூ வரை போகும் வயர் உண்டு. கோளாறு எதில் வேண்டுமானாலும் இருக்கலாம். சென்சரில் தேய்கிற பாகம் எதுவும் இல்லை. கீழே விழாமல், அளவுக்கு மீறி இறுக்காமல் இருந்தால் அது பல வருடம் உழைக்கும்.

எனக்கே நடந்தது. ஒரு ஆவணி மாதம் லைட் எரிந்தது. ஓர் ஒர்க் ஷாப்பில் பிழைக் குறியீட்டைப் பார்த்த கையோடு சென்சரை மாற்றினார்கள், லைட்டும் அணைந்தது. எட்டாம் நாள் மறுபடி எரிந்தது. இந்த முறை வீட்டு முற்றத்தில் நானே கப்ளரைப் பிரித்துப் பார்த்தேன். இரண்டு பின்களில் ஒன்றில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. கப்ளரின் ரப்பர் வளையம் கிழிந்து, மழைத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. எலக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனர் அடித்துச் சுத்தம் செய்து, ரப்பரை மாற்றினேன். அதற்கப்புறம் மூன்று மழைக்காலம் ஓடிவிட்டது. பழைய சென்சரைச் சோதித்தபோது அதில் ஒரு குறையும் இல்லை.

இந்தப் பகுதியில் இன்னொரு எதிரி எலி. ஏலக்காய் ஸ்டோர் பக்கத்தில் வண்டி நிறுத்துபவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. குளிர் காலத்தில் என்ஜின் சூட்டுக்காக உள்ளே ஏறி, என்ஜினுக்குக் காற்று கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே இதமான இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். நாக் சென்சர் வயர் போவதும் அதே இடத்தில்தான். ஆக, சென்சரைக் கழற்றும் முன் கப்ளரையும் வயரையும் கண்ணால் பாருங்கள். செலவு ஒரு டார்ச் லைட் மட்டும்தான்.

கழற்றாமலே சென்சரைச் சோதிக்க முடியுமா?

மல்டிமீட்டர் இருந்தால் ஓரளவு முடியும். என்ஜினை அணைத்து, கப்ளரைப் பிரித்து, சென்சர் பக்கத்துப் பின்கள் இரண்டுக்கும் இடையே ஓம்ஸ் பாருங்கள். டொயோட்டாவின் பல என்ஜின்களில் 20 டிகிரி சூட்டில் 120 முதல் 280 கிலோ ஓம் வரை இருக்க வேண்டும். வேறு பல வண்டிகளில் ஒரு மெகா ஓமுக்கு மேல் காட்டுவதே சரி. அதனால் உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும், பக்கத்து வீட்டு வண்டியோடு அல்ல. சுழியத்தை ஒட்டிக் காட்டினால் உள்ளே ஷார்ட் ஆகியிருக்கிறது, அதில் சந்தேகமில்லை.

அடுத்தது, மீட்டரை ஏசி மில்லிவோல்ட்டில் வைத்து, சென்சருக்குப் பக்கத்தில் பிளாக்கின் மேல் சின்ன ஸ்பானரால் லேசாகத் தட்டுங்கள். எண் துள்ள வேண்டும். சென்சரின் மேலேயே தட்டக் கூடாது, உள்ளே இருப்பது பீங்கான்.

சென்சர் எங்கே இருக்கும்?

நான்கு சிலிண்டர் வரிசையாக உள்ள என்ஜினில் பெரும்பாலும் பிளாக்கின் பக்கவாட்டில், இரண்டாம் மூன்றாம் சிலிண்டருக்கு நடுவே இருக்கும். எல்லாச் சிலிண்டரின் சத்தமும் ஏறக்குறையச் சமமாகக் கேட்கும் இடம் அது. இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே, சில வண்டிகளில் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மேலே ஒளிந்திருக்கும். நடுவில் ஓட்டை உள்ள, கறுப்புப் பிளாஸ்டிக் போர்த்திய வட்ட வில்லை, அதன் நடுவே ஒரு போல்ட், பக்கத்தில் கப்ளர். இன்று நம் சாலையில் ஓடும் கார்களில் அதிகம் இருப்பது இந்தத் தட்டை வகை. பழைய சில வண்டிகளில் சென்சரின் அடியிலேயே மரை இருக்கும், அதை நேரே பிளாக்கில் திருகியிருப்பார்கள்.

வி6 (ஆறு சிலிண்டர்) என்ஜின் என்றால் பெரும்பாலும் மேனிஃபோல்டையே கழற்றினால்தான் சென்சர் கண்ணில் படும். முதல் தடவை செய்பவர் அதில் கை வைக்க வேண்டாம். நேரடி ஊசி முறை பெட்ரோல் என்ஜினில் ஹை பிரஷர் பெட்ரோல் குழாயைக் கழற்றித்தான் சென்சரைத் தொட முடியும் என்றாலும் அப்படித்தான், வீட்டில் அந்த வேலை வேண்டாம்.

என்னென்ன கருவி வேண்டும்?

அதிகம் இல்லை. பேட்டரிக்கு 10 ஸ்பானர். சென்சர் போல்ட் பெரும்பாலும் எம்8 (8 மில்லிமீட்டர் மரை), அதன் தலைக்கு 12 அல்லது 13 சாக்கெட். ராட்செட், நீள எக்ஸ்டென்ஷன், ஒரு வளைவு ஜாயின்ட். மரை வகைச் சென்சருக்கு 22 முதல் 27 வரை ஏதாவது ஓர் ஆழ சாக்கெட் தேவைப்படலாம். தலையில் மாட்டும் லைட், கான்டாக்ட் கிளீனர், பித்தளைக் கம்பி பிரஷ், சுத்தமான பழைய வேட்டித் துணி. அப்புறம் எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளக்கும் டார்க் ரென்ச். அதில்லாமல் கழற்றலாம், மாட்டக் கூடாது. ஏன் என்று கீழே வருகிறது.

சரி, எப்படிக் கழற்றுவது?

முதல் நாள் இரவே வண்டியை நிறுத்திவிட்டு, காலையில் ஆரம்பியுங்கள். ஓடி நின்ற என்ஜினில் மேனிஃபோல்டுக்குள் கைவிட்டால் தோல் போய்விடும்.

இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் சமதளமான முற்றம் கிடைப்பதே அரிது. சரிவில் நிறுத்தி ஜாக்கி போடாதீர்கள். மேலேயிருந்து கை எட்டினால் ஜாக்கியே வேண்டாம். அடியிலிருந்துதான் முடியும் என்றால், சமதளம் தேடி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, ஜாக்கியால் தூக்கியபின் ஸ்டாண்டில் இறக்குங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. ஸ்டாண்ட் இல்லையா, பிட் உள்ள சர்வீஸ் ஸ்டேஷனில் கேட்டு அரை மணி நேரம் இடம் வாங்கிக்கொள்ளுங்கள். இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனசில்லை.

பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி, அது தானாகத் திரும்பத் தொடாதபடி துணி சுற்றி ஒதுக்கி வையுங்கள். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு வரும் தடித்த வயர் பக்கத்திலேயே இருக்கும். பேட்டரி இணைப்பு இருக்கும்போது ராட்செட் அதில் பட்டு பாடியிலும் பட்டால் தீப்பொறி பறக்கும்.

ஏர் ஃபில்டர் பெட்டியும் குழாயும் குறுக்கே வந்தால் கழற்றுங்கள். காற்று போகும் வாயைத் துணியால் மூடுங்கள், ஒரு நட்டு உள்ளே விழுந்தாலும் என்ஜினுக்குக் கேடு. ஒவ்வொன்றையும் கழற்றும் முன் போனில் படம் எடுத்துக்கொள்வது எனக்குப் பலமுறை உதவியிருக்கிறது. முக்கியமாக, சென்சரின் கப்ளர் எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்பதைப் படம் பிடியுங்கள். மாட்டும்போது அதே கோணம் வேண்டும்.

கப்ளரைச் சுற்றி முதலில் காற்றடித்தோ துடைத்தோ மண்ணை எடுத்துவிடுங்கள். பூட்டை அழுத்திக்கொண்டு கப்ளரின் உடலைப் பிடித்து இழுக்க வேண்டும், வயரைப் பிடித்து அல்ல. பத்து வருட வண்டியில் அந்தப் பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி ஆகியிருக்கும். பூட்டு வரவில்லை என்றால் கப்ளரை முதலில் உள்ளே ஒரு தள்ளு தள்ளி, அப்புறம் பூட்டை அழுத்தினால் இலகுவாக வரும்.

பிறகு போல்ட். சாக்கெட் தலையில் முழுதாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ஒரே சீராக அழுத்தித் திருப்புங்கள். தளர்ந்ததும் மீதியைக் கையால் சுற்றி எடுங்கள். சென்சரைக் கீழே விடாதீர்கள். இடுப்பு உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் விழுந்த சென்சரை நான் திரும்ப மாட்ட மாட்டேன். வெளியே கீறல்கூட இருக்காது, உள்ளே வில்லை விரிசல் விட்டிருக்கும்.

மரை வகைச் சென்சர் சில என்ஜின்களில் கூலண்ட் ஓடும் அறைக்குள்ளேயே திருகப்பட்டிருக்கும். கழற்றியதும் கூலண்ட் கொட்டும். அப்படிப்பட்ட என்ஜினா என்று முன்பே பார்த்து, கூலண்டை இறக்கிவிட்டு ஆரம்பியுங்கள். கொட்டியதை நாயோ பூனையோ நக்காதபடி உடனே கழுவுங்கள். இனிப்பாக இருக்கும், விஷம்.

போல்ட் அசையவே இல்லை. என்ன செய்வது?

துருநீக்கி ஸ்ப்ரேயைப் போல்ட்டின் அடிப்பக்கம் அடித்து ஓர் இரவு விடுங்கள், கப்ளருக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மறுநாள் முதலில் இறுக்கும் திசையில் நூலளவு, பிறகு தளர்த்தும் திசையில். நீளக் குழாய் மாட்டி நெம்ப வேண்டாம். பல வண்டிகளில் பிளாக் அலுமினியம், மரை பிய்ந்துகொண்டு வந்தால் செலவு வேறு மாதிரி ஆகிவிடும். இரண்டாம் முயற்சியிலும் வரவில்லை என்றால் நிறுத்திவிட்டு வண்டியை ஒர்க் ஷாப்பில் விடுங்கள்.

மாட்டும்போது எவ்வளவு இறுக்க வேண்டும்? நன்றாக இறுக்கினால் போதாதா?

போதாது. இந்த வேலையில் கழற்றுவது கால் பங்கு என்றால் மாட்டுவதுதான் முக்கால் பங்கு.

அந்த ஸ்க்ரூ டிரைவர் காதை மறுபடி நினைத்துப் பாருங்கள். நுனியை என்ஜினில் லேசாகத் தொட்டால் ஒன்றும் சரியாகக் கேட்காது, ஊன்றிப் பிடித்தால்தான் கேட்கும். சென்சரும் அப்படித்தான். தளர்வாக இருந்தால் பிளாக்கின் அதிர்வு அதற்கு முழுதாக வந்து சேராது, நாக்கிங் நடந்தும் ஈசியூவுக்குத் தெரியாது. அளவுக்கு மேல் இறுக்கினால் பீங்கான் வில்லை நசுங்கி விரியலாம், அல்லது சமிக்ஞையின் அளவே மாறிவிடும். ஈசியூவுக்குள் எழுதி வைத்திருக்கும் கணக்கெல்லாம் ஒரு குறிப்பிட்ட இறுக்கத்தை வைத்துத்தான்.

எம்8 போல்ட் உள்ள தட்டை வகைச் சென்சருக்கு வழக்கமான அளவு 20 நியூட்டன் மீட்டர். உங்கள் மேனுவலில் வேறு எண் இருந்தால் அதுதான் சரி. கைக்கணக்கில் சொன்னால், 20 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பானரின் நுனியில் பத்துக் கிலோ எடையைத் தொங்கவிட்ட விசை. சாதாரணமாக நாம் ஒரு போல்ட்டை "நல்லா டைட்" செய்யும்போது இதை எளிதாகத் தாண்டிவிடுகிறோம். டார்க் ரென்ச் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சக்கர நட்டுக்கு வாங்கும் பெரிய ரென்ச்சில் அளவே 28 அல்லது 40-இல்தான் ஆரம்பிக்கும், அதை வைத்து 20-ஐ அளக்க முடியாது. 5 முதல் 25, அல்லது 10 முதல் 60 வரை உள்ள சின்னது வேண்டும். கம்பத்திலோ கட்டப்பனையிலோ தெரிந்த மெக்கானிக் இருந்தால் ஒரு மணி நேரத்துக்கு இரவல் கேளுங்கள்.

இறுக்குவதற்கு முன் பிளாக்கில் சென்சர் உட்காரும் இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து துடையுங்கள். துரு, பழைய பெயின்ட், கிரீஸ், எண்ணெய் எதுவும் இருக்கக் கூடாது. உலோகத்தோடு உலோகம் நேராகத் தொட வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பள்ளம் உண்டாக்கிவிடாதீர்கள், அழுக்கு போனால் போதும். வாஷர் எந்த வகையும் போடக் கூடாது. ஸ்பிரிங் வாஷர் போட்டால் கழன்று வராது என்று சிலர் நல்ல எண்ணத்தில் போடுகிறார்கள், அது காதில் பஞ்சு வைத்தது போல ஆகிவிடும். பழைய போல்ட் நன்றாக இருந்தால் அதையே போடுங்கள், நீளம் வேறான போல்ட்டைத் தேடிப் போடாதீர்கள்.

கப்ளரைப் பழைய கோணத்தில் வைத்து, போல்ட்டைக் கையால் கடைசி வரை சுற்றி, பிறகு டார்க் ரென்ச்சில் ஒரே தடவை, 'டிக்' என்றதும் நிறுத்துங்கள். இன்னும் ஒரு சுற்று என்று ஆசைப்படாதீர்கள். சென்சரின் உடலோ வயரோ பக்கத்துக் குழாயையும் கிளிப்பையும் தொடக் கூடாது. தொட்டால் அந்த உரசலையே அது நாக்கிங் என்று கேட்கும்.

எலி கடித்த வயரை முறுக்கி டேப் சுற்றினால் போதுமா?

ஹெட்லைட் வயருக்கே அது அரைகுறை வேலை. இந்த வயருக்கு ஆகவே ஆகாது. சென்சர் தரும் மின்னழுத்தம் மிகச் சிறியது, பக்கத்திலேயே இக்னிஷன் காயில் இரைச்சல் போடுகிறது. அதனால்தான் பல வண்டிகளில் இந்த வயரின் மேல் ஒரு வலைக் கவசம் சுற்றி அதை எர்த் செய்திருப்பார்கள், அல்லது இரண்டு வயரையும் ஒன்றோடொன்று முறுக்கி விட்டிருப்பார்கள். ஒட்டுப் போடும்போது அந்தக் கவசமும் தொடர வேண்டும். ஆனால் உள் வயரைத் தொட்டுவிடக் கூடாது. நல்ல கிரிம்ப் போட்டு, மேலே சூட்டில் சுருங்கும் பசைக் குழாய் போட்டு, பழைய பாதையிலேயே கிளிப் மாட்டுங்கள். கடி நீளமாக இருந்தால் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து அந்தத் துண்டையே மாற்றுவது நல்லது.

நான் வண்டன்மேட்டில் இருக்கிறேன். லைட் எரியும்போது கம்பம் வரை இறங்கலாமா?

இறங்கலாம். சென்சரிடமிருந்து சரியான தகவல் வராதபோது, பெரும்பாலான வண்டிகளில் ஈசியூ எச்சரிக்கையாகப் பொறி நேரத்தைத் தள்ளி வைத்துக்கொள்கிறது. இழுவை குறையும், பெட்ரோல் கூடச் செலவாகும், வண்டி நிற்காது. இறக்கத்தில் என்ஜினுக்குப் பாரமே இல்லை, நாக்கிங்குக்கு வாய்ப்பு மிகக் குறைவு. கம்பம்மெட்டு வழியாகத் திரும்பி ஏறுவதுதான் யோசிக்க வேண்டிய விஷயம். ஆள், மூட்டை குறைத்து, சின்ன கியரில், ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்காமல் ஏறுங்கள். சபரிமலை சீசனில் வண்டி நிறைய ஆளோடு மலையேறும் திட்டம் இருந்தால் அதற்கு முன்பே சரி செய்துவிடுங்கள். லைட் விட்டு விட்டு மின்னினால் அது வேறு கோளாறு, ஏதாவது சிலிண்டர் சரியாக எரியாத மிஸ்ஸிங்காக இருக்கலாம், ஓரமாக நிறுத்துங்கள்.

சென்சரை எடுத்துவிட்டு ஒரு ரெசிஸ்டர் வைத்தால் லைட் வராது என்கிறார்களே?

தயவுசெய்து செய்யாதீர்கள். லைட் வராமல் போகலாம். அதுதான் ஆபத்தே. சென்சர் கெட்டது என்று தெரிந்தால் ஈசியூ எச்சரிக்கையாகிவிடும். ரெசிஸ்டரை வைத்தால் எல்லாம் அமைதியாக இருக்கிறது என்று நம்பி, பொறி நேரத்தை முன்னால் தள்ளிக்கொண்டே போகும். நாக்கிங் வந்தாலும் அதைத் தடுக்க யாருமில்லை. மேட்டில் பாரத்தோடு அப்படி ஓடினால் பிஸ்டனின் ஓரம் அரிக்கும், ரிங் உடையும், ஹெட் கேஸ்கட் போகும். சென்சரைக் கழற்றி என்ஜினில் வேறு எங்காவது கட்டித் தொங்கவிடுவதும் இதே கதைதான்.

ஒரிஜினல் வாங்க வேண்டுமா, மற்றது போதுமா?

பார்ட் நம்பர் ஒத்துப்போக வேண்டும், அதுதான் முதல் விஷயம். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு சென்சர்கள் வேறு வேறு என்ஜினுக்கு வேறு வேறு அளவில் செய்யப்பட்டவையாக இருக்கும். பழைய சென்சரைக் கையோடு கொண்டுபோய், அதன் மேலுள்ள எண்ணைக் காட்டி வாங்குங்கள். கம்பெனிக்கே சென்சர் செய்து கொடுக்கும் நிறுவனத்தின் பெட்டியில் வந்தால் அது நல்லதுதான். பழைய இரும்புக் கடையில் கழற்றி வைத்ததை வாங்க வேண்டாம், எத்தனை முறை கீழே விழுந்தது என்று யாருக்குத் தெரியும்?

மாற்றியாயிற்று, லைட்டும் இல்லை. ஆனால் மேட்டில் இன்னும் தட்டுகிறது. ஏன்?

சென்சர் காது மட்டும்தான். நோய் வேறு இடத்தில் இருக்கிறது. ஈசியூ பொறி நேரத்தைத் தள்ளிப் போடுவதற்கும் ஓர் எல்லை உண்டு, அதையும் தாண்டி நாக்கிங் இருந்தால் சத்தம் கேட்கத்தான் செய்யும்.

முதலில் ஓட்டும் விதம். பெரிய கியரில் குறைந்த வேகத்தில் அழுத்துவதுதான் நம் மலையில் முதல் காரணம். மைலேஜ் வரும் என்று நினைத்துச் செய்வது, வருவதில்லை. அடுத்தது சூடு: ரேடியேட்டரில் ஏலத் தோட்டத்துச் சேறும் சருகும் அடைத்திருக்கிறதா, கூலண்ட் சரியான அளவில் இருக்கிறதா, ஃபேன் ஓடுகிறதா பாருங்கள். பிறகு பிஸ்டன் தலையில் படிந்த கரி. பக்கத்துக் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓடும் வண்டிகளில் அது சீக்கிரம் படியும். வேறு வண்டிக்குரிய ஸ்பார்க் பிளக் போட்டிருந்தாலும் தட்டும்.

பெட்ரோல் பற்றியும் கேட்கிறார்கள். கேரளத்தில் விலை கூட என்பதால் குமுளிக்காரர்கள் பலர் கூடலூர், கம்பம் இறங்கி நிரப்புகிறோம். எந்தப் பக்கம் நிரப்பினாலும் பெட்ரோலுக்கு ஆக்டேன் என்று ஓர் எண் உண்டு. சாதாரண பெட்ரோலில் அது முன்பு குறைந்தது 91 ஆக இருந்தது. விலை கூடிய வகைகளில், எக்ஸ்பி95-இல் 95, ஸ்பீடு 97-இல் 97. ஆக்டேன் கூடக் கூட நாக்கிங்கைத் தாங்கும் சக்தி கூடும். மேலே சொன்ன மற்றதெல்லாம் சரியாக இருந்தும் தட்டினால், டேங்க் காலியாகும் தறுவாயில் ஒருமுறை ஆக்டேன் கூடியதை நிரப்பி அதே மேட்டில் ஏறிப் பாருங்கள். சத்தம் நின்றால் கரியோ சூடோ எங்கோ மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம், தேடுங்கள். 91-க்காகச் செய்த என்ஜினுக்குக் காலம் முழுக்க விலை கூடிய பெட்ரோல் போடுவது மருத்துவம் ஆகாது.

தோட்டத்து ஜீப்பில் இந்தச் சென்சர் உண்டா?

போடி, தேவாரம், கம்பத்திலிருந்து ஆள் ஏற்றி வரும் பழைய ஜீப்புகள் டீசல், அவற்றில் கிடையாது. டீசலின் 'கடகட' சத்தம் அதன் இயல்பு. புதிய காமன் ரெயில் டீசல்கள் சிலவற்றில் இதே போன்ற அதிர்வுச் சென்சர் உண்டு, ஆனால் அங்கே அதன் வேலை டீசல் ஊசியின் அளவைச் சரிபார்ப்பது. பெரும்பாலான சின்ன பைக்குகளிலும் நாக் சென்சர் இல்லை.

எல்லாம் மாட்டிவிட்டேன். சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பேட்டரியை இணைத்து, ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். பேட்டரி கழற்றிய வண்டி முதலில் கொஞ்சம் தடுமாறி நிலைக்கு வரும், பயப்பட வேண்டாம். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி போர்ட்டில் செருகும் சின்னப் புளூடூத் கருவி இருந்தால் பழைய பிழைக் குறியீட்டை அழித்துவிடுங்கள்.

வீட்டு வாசலிலேயே லைட் வரவில்லை என்று முடிவு செய்யாதீர்கள். ஈசியூ இந்தச் சென்சரைச் சோதிப்பது என்ஜின் சூடாகி, பாரத்தோடு ஓடும்போதுதான். பல வண்டிகளில் இரண்டு ஓட்டத்தில் தொடர்ந்து பிழை தெரிந்தால்தான் லைட்டே எரியும். அதனால் கூட்டமில்லாத காலை நேரமாகப் பார்த்து லோயர்கேம்ப் வரை இறங்கி, டீ குடித்துவிட்டு, சரியான கியரில் திரும்ப ஏறுங்கள். மறுநாளும் ஒருமுறை. இரண்டாம் நாள் வீடு வந்ததும் மறுபடி ஸ்கேனரைச் செருகி, காத்திருப்புக் குறியீடுகள் (பெண்டிங் கோட்ஸ்) என்ற பகுதியில் பி0325 முதல் பி0328 வரை ஏதாவது இருக்கிறதா பாருங்கள். அங்கே ஒன்றும் இல்லை என்றால் கருவிகளைத் துடைத்து எடுத்து வைக்கலாம். இருந்தால், முதலில் கப்ளர் முழுதாகப் பூட்டியிருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள்.